யாரும் விரட்டாத ஓட்டம்

தூத்துக்குடியில் ஓடிப் பழக நினைப்பவருக்கு மேடு கிடைக்காது. ஊரே சமதளம். ரோச் பூங்காவில் ஆரம்பித்து, கடற்கரைச் சாலையோடு தெற்கே போய், முத்துநகர் கடற்கரையைத் தாண்டித் துறைமுகச் சாலையைப் பிடித்தால் மருந்துக்குக்கூட ஓர் ஏற்றம் வராது. மேட்டுக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது. ஆடிக் காற்று அம்மியைத் தூக்குகிறதோ இல்லையோ, எழுபது கிலோ ஆளை எதிரே வந்து நிறுத்திவிடும். நிலக்கரித் தூளும் உப்புத் தூளும் லாரி கிளப்பும் புழுதியும் பல்லில் நறநறக்கும். மாரத்தான் பயிற்சிக்கென்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஊர் இல்லை இது. பிறந்த ஊர், அவ்வளவுதான்.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற கிளியரிங் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கத் தாள்களைத் தயார்செய்ய வேண்டும். கண்டெய்னர் எங்கே நிற்கிறது என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உடம்பு அசைய வேண்டிய தேவையே இல்லாத பிழைப்பு. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் மருத்துவர். அவர் நடக்கத்தான் சொன்னார். நடை ஓட்டமானதும் ஓட்டம் மாரத்தான் ஆசையானதும் ரோச் பூங்காவில் விடியுமுன் கூடும் நாலைந்து பேரின் சகவாசத்தால். சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடியவர். "அரசியல்வாதிக்கே நேரம் கிடைக்கு, நமக்கு என்ன கேடு?" என்ற பேச்சு எங்கள் கூட்டத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடும்.

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். 1896இல் ஏதென்ஸில் ஓடியபோது சுமார் 40தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு, அரங்கில் அரச குடும்பம் அமரும் இடத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று பாதையை அமைத்தார்கள், நீளம் கூடிப்போனது. 1921இல் அதையே உலகம் முழுமைக்கும் அளவாக்கிவிட்டார்கள். யாரோ ஒரு ராணியின் வசதிக்காக நம் முழங்கால்கள் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகத் தேய்கின்றன.

ஜனவரி முதல் வாரத்தில் சென்னை மாரத்தான் என்றால் ஜூலையிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். வார நாட்களில் சிறு ஓட்டங்கள், ஞாயிறன்று ஒரு நெடிய ஓட்டம். அந்த நெடிய ஓட்டம் மெல்ல மெல்ல வளர்ந்து, போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் 30, 32 கிலோமீட்டரைத் தொட வேண்டும். அதன் பிறகு குறைத்துக்கொண்டே வர வேண்டும். இதில் புதியவர்களுக்குப் பிடிபடாத ஒன்று, மெதுவாக ஓடுவது. பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிகிற வேகம்தான் பெரும்பாலான நாட்களுக்கு உரிய வேகம். பேச்சு முட்டினால் குறை என்று அர்த்தம். கேட்க எளிது. நம்மைவிட மூத்தவர் ஒருவர் நம்மைத் தாண்டிப் போகும்போது கால் கேட்காது.

எங்கள் கடலோரத்தில் விடியற்காலைக் காற்றே ஈரமாகத்தான் இருக்கும். வியர்வை ஆவியாகாது, வழியும். ஆவியானால்தானே உடம்பு குளிரும்? ஒன்றரை மணி நேரத்தில் கறுப்புப் பனியன் வெளுக்கத் தொடங்கும். காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு கோடாக உப்பு. அதற்காக, நீண்ட ஓட்டத்துக்குப் போகிறவர்கள் உப்பு மாத்திரை வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் உப்பளம். நடுவில் உப்பு மாத்திரையைப் பையில் முடிந்துகொண்டு ஒரு கூட்டம் ஓடுகிறது. மாத்திரை விலையை உப்பு வாருகிறவர்களிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

அவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருப்பார்கள். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாதென்பதால் கருக்கலிலேயே வேலை தொடங்கிவிடும். இருட்டில் டார்ச் வெளிச்சம் ஆங்காங்கே அசையும். கொஞ்சம் வெளுத்ததும் ஆட்கள் தெரிவார்கள்: ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்க, பெண்கள் தலைச்சுமையாக அம்பாரத்துக்குச் சுமந்து போவார்கள். நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீர் நாள்கணக்காக வெயிலில் காய்ந்து அடர்ந்து உப்பாக உறைகிறது. அந்த நீரில்தான் கால்கள். ரப்பர் பூட்ஸ் போட்டால் உள்ளே நீர் புகுந்து இன்னும் மோசம் என்று பலர் போடுவதில்லை. பாதத்தில் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்பு. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் கண்பார்வையும் கெடும். ராஜம் கிருஷ்ணன் இந்த ஊருக்கு வந்து தங்கிப் பார்த்து 'கரிப்பு மணிகள்' எழுதினார். அது வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பாத்தியில் பெரிய மாற்றம் எதையும் நான் பார்க்கவில்லை.

அப்படி ஒரு காலையில், சாலையோரம் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, டெய்லி இப்படி ஓடுதிய? டாக்டர் ஓடச் சொல்லிட்டாரா?"

"ஆமாக்கா, சுகர்."

"அதானே. இல்லாட்டி ஒருத்தரும் விரட்டாம மனுசன் ஏன் ஓடுதான்?"

பக்கத்திலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கடந்தேன். ஆனால் ஓட்டக்காரன் கையில் நேரம் நிறைய இருக்கிறது. கால் ஓடினாலும் மண்டை சும்மா இருக்காது. அந்தக் கேள்வி பல வாரங்கள் கூடவே ஓடிவந்தது.

ஓட்டக்காரர்கள் மத்தியில் வலியைக் கொண்டாடும் பேச்சு கொஞ்சம் அதிகம். உடம்பு 'முடியாது' என்னும், நீ 'முடியும்' என்று சொல்லு. வலி போய்விடும், பெருமை நிற்கும் என்பது போன்ற வாசகங்கள் பனியனிலேயே அச்சாகி வருகின்றன. அதே சாலையில் உப்புச் சுமக்கிறவரின் உடம்பும் தினமும் 'முடியாது' என்று சொல்லத்தான் செய்கிறது. அதைக் கேட்காமல் இருப்பதற்கு அவருக்கு வாசகம் தேவைப்படவில்லை, அன்றைய கூலி போதும். விரும்பி ஏற்கிற வலியும் வயிற்றுக்காகப் படுகிற வலியும் ஒன்றா? தசைக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு எங்கேதான் வித்தியாசம்?

இதற்கு விடை தேடினால் இந்தக் கடற்கரையில் முத்துக்குளித்தவர்களிடம்தான் போக வேண்டும். உடம்பின் எல்லையைத் தொழிலாகவே அறிந்திருந்தவர்கள் அவர்கள். கொற்கைக் காலம் தொட்டு நடந்த தொழில். தோணியிலிருந்து, காலில் கல்லைக் கோத்துக்கொண்டு, ஒரு மூச்சில் அடிக்குப் போய், கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிக்கொண்டு மேலே வர வேண்டும். ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் அவகாசம். அதைத் தாண்டித் தம் பிடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருமுறை அதிகநேரம் இருந்துவிடுவதால் லாபம் ஒன்றுமில்லை. ஒரு நாளில் பல முறை இறங்கியாக வேண்டும், மறுநாளும் இறங்க வேண்டும். எப்போது கயிற்றை அசைத்து மேலே இழுக்கச் சொல்வது என்று தெரிவதுதான் வித்தை. தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் மச்சானாக இருப்பான் என்று இங்கே சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்கக் கூடாது என்ற அக்கறை அவனைவிட வேறு யாருக்கு இருக்கும்?

அந்த ஏற்பாட்டை நான் புனிதமாக்க விரும்பவில்லை. மன்னனும் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வந்து, சிப்பி விளையும் முத்துப் பாருக்கு உரிமை கொண்டாடினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் பெரும்பகுதி அரசுக்குத்தான். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொன்ன 'கடல்கட்டி'க்கும் ஒரு கூலி போனது. முங்கியவனுக்கு மிஞ்சியதே அவன் பங்கு. ஆனாலும் 'போதும்' என்று அவன் கயிற்றை அசைத்தால் மேலேயிருந்து இழுக்க ஒரு கை இருந்தது. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பாரில் சிப்பி இல்லாமல் போயிற்று. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சங்குக்காக இப்போதும் திரேஸ்புரத்திலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள். மூச்சடக்கி இறங்குவது போய், மேலேயிருந்து குழாயில் காற்று வருகிறது. மூச்சு முட்டாததால், எழுந்து வா என்று உடம்பு சொல்வதும் நின்றுவிட்டது. நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டைப் பிடிக்கும், கைகாலை முடக்கும், ஆளையே கொல்லும். காற்று தாராளமாகக் கிடைத்ததும் எல்லை மறைந்துவிட்டது, ஆபத்து கூடியது.

எனக்கு 2023 டிசம்பரில்தான் விஷயம் முழுதாக விளங்கிற்று. சென்னைக்குப் பதிவு செய்து பணம் கட்டி, பயிற்சியின் உச்சத்தில் இருந்தேன். 17, 18 தேதிகளில் மழை பெய்தது. பெய்தது என்று சொல்வதே தப்பு, கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊருக்கு ஓராண்டு முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். கோரம்பள்ளம் குளம் உடைந்து, தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. நெடிய ஓட்டத்துக்கென்று குறித்து வைத்திருந்த நாளில் இடுப்பளவு நீரில் பால் பாக்கெட் சுமந்துகொண்டிருந்தேன். சென்னைக்குப் போகவில்லை. அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியதோடு என் மாரத்தான் முடிந்தது. கட்டிய பணம் போனது, வேறொன்றும் போகவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு துறைமுகச் சாலைக்குப் போனால் அம்பாரங்கள் கரைந்து கிடந்தன. ஓலை வேய்ந்து, தார்ப்பாய் போர்த்தி மழைக்காலத்துக்கென்று காத்து வைத்திருந்த உப்பு. பாத்தி எது வரப்பு எது என்று தெரியாமல் சேறு. ஐப்பசி, கார்த்திகையில் எப்போதுமே வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. அந்த முறை தை பிறந்தும் வேலை தொடங்க வழியில்லை. சேற்றை அள்ளி, பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கி, மறுபடி அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 'இந்த வருஷம் வேண்டாம், அடுத்த ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று அந்த அக்காவால் யாருக்கும் செய்தி அனுப்ப முடியாது.

வித்தியாசம் வலியில் இல்லை, நிறுத்துவதில்தான் இருக்கிறது. ஓடுவது யாராலும் முடியும், துரத்தினால் எல்லோரும் ஓடுவோம். நினைத்த இடத்தில் நின்று, குனிந்து ஷூவைக் கழற்றிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வர முடிவதுதான் பொழுதுபோக்கு ஓட்டக்காரனின் சொத்து. அந்தச் சொத்து உள்ளவன் தன் வியர்வையைத் தவம், போராட்டம் என்றெல்லாம் சொல்லக் கூடாது என்பது என் கட்சி. இதை எங்கள் குழுவில் சொன்னபோது ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ எதுக்கு ஓடுத? வீட்ல படு" என்றார். அதுவும் சரியில்லை. நான் படுத்துக்கொள்வதால் பாத்தியில் யாருடைய சுமையும் குறையப்போவதில்லை. என் சர்க்கரைதான் ஏறும். தவிரவும் ஓட்டம் எனக்கு ஒன்றைப் பழக்கியிருக்கிறது: உடம்பு பேசுவதைக் கேட்க. பெருவிரல் நகம் கறுப்பதும், கெண்டைக்கால் இறுகுவதும், மூச்சு சொல்லுக்கு நடுவே புகுந்து முட்டுவதும் எனக்கு இப்போது கேட்கிறது. முன்பு நாற்காலியில் இருந்த காலத்தில் கழுத்துக்குக் கீழே எனக்கு ஓர் உடம்பு இருப்பதே தெரியாது.

2025 ஜனவரியில் ஓடினேன். இருட்டில் தொடங்கி, சூரியன் நன்றாக ஏறிய பிறகு, ஐந்து மணி நேரத்துக்கும் மேலாகி முடித்தேன். முதல் 30 கிலோமீட்டரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோகும் இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. உடம்பு கொழுப்பைக் கரைத்து ஓட்ட வேண்டும். அதற்குச் சுறுசுறுப்பு பத்தாது. கால் தரையிலிருந்து எழுவதற்கு யோசித்தது. ஆனால் என் நினைவில் தங்கியது அந்த வேதனை இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மேஜை. தண்ணீர், வாழைப்பழம், உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளை. கல்லூரிப் பிள்ளைகள் குவளையை நீட்டி, முகத்தை உற்றுப் பார்த்து, "நல்லாருக்கீங்களா அங்கிள்?" என்று கேட்டார்கள். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள வண்டி தயாராக இருந்தது. ஒன்றுக்கும் உதவாத ஓட்டத்துக்கு இத்தனை பேர் கயிறு பிடித்தார்கள்.

தூத்துக்குடியிலும் விழிப்புணர்வு ஓட்டம், தொண்டு ஓட்டம் என்று அவ்வப்போது நடக்கிறது. நடக்கட்டும். நானும் வருவேன். நாம் எல்லோரும் பயிற்சிக்குப் போகிற அந்தச் சாலையின் இருபுறமும் உள்ள அளங்களில், நிழலுக்கு ஒரு கூரையும், குளிர்ந்த குடிதண்ணீரும், பெண்களுக்குக் கழிப்பறையும் எல்லா இடத்திலும் இருக்கின்றனவா என்று ஓடும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். இல்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் ஓட முடிகிறவர்களுக்கு மறுநாள் காலை அங்கே போய் வரிசையில் நிற்பது பெரிய தூரமில்லை.