அப்பத்தா போட்ட அடி



தேனி மாவட்டம் ஆண்டிபட்டி பக்கம், தெப்பம்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் மாவூற்று வேலப்பர் கோயில் இருக்கிறது. மாமர வேரடியிலிருந்து ஊற்றுத் தண்ணி வரும். சின்ன வயசில் அதில் சோப்போடு இறங்கினேன். அப்பத்தா கையில் பட்டுனு ஒரு அடி போட்டுச்சு. "சாமி குடுத்த தண்ணிடா. கீழ குடிக்கிறவுக இருக்காக."

வள்ளிக்கிழங்கு தோண்டிய பளியர்களுக்கு முருகன் சுயம்புவாகக் கிடைத்தார் என்பது தலவரலாறு. நம்பிராஜனுக்குக் கிழங்குக் குழியில் வள்ளியம்மை கிடைத்தாள்; இங்கே பசிக்குத் தோண்டியவர்களுக்கு வேலப்பரே கிடைத்தார். தாகத்துக்கு ஊற்றையும் தந்தார்.

இப்போது அப்பத்தா இல்லை. போன சித்திரையில் போனேன். ஊற்றோரம் ஷாம்பு பாக்கெட்டுகள். குனிந்து பொறுக்கும்போதுதான் அந்த அடி புரிந்தது.

ஊற்றைக் காப்பதும் அர்ச்சனைதான். வேலப்பருக்கு அரோகரா!