தளம் மாறிய கருவியும் ‘அதுவே இது’ என்னும் அறிவும்

முன்பு கண்ட ஒரு பொருளை மீண்டும் கண்டு ‘அதுவே இது’ என்று அறிவது மெய்யறிவா, மயக்கமா என்று நியாய தத்துவ மரபினரான நையாயிகரும் பௌத்தரும் நெடுங்காலம் வாதிட்டனர். ஓர் இயங்குதளத்துக்கென எழுதப்பட்ட மென்பொருளை மற்றொன்றில் இயங்குமாறு மாற்றியமைக்கும் ‘போர்ட்டிங்’ பணியில் அந்த வாதம் உயிருடன் திரும்பி வருகிறது.

ஹைடிஎஸ்கியூஎல் என்பது தரவுத்தள அட்டவணைகளைத் திரையில் திறந்து, கட்டங்களிலேயே மதிப்புகளைத் திருத்த உதவும் கட்டற்ற மென்பொருள். 2006 முதல் இப்பெயரில் வழங்கிவரும் அது, விண்டோஸுக்காக டெல்ஃபி என்னும் நிரலாக்கச் சூழலில் எழுதப்பட்டது. லினக்ஸ் பயனர்கள் அதை நெடுங்காலம் வைன் வழியாக, அதாவது விண்டோஸிடம் நிரல் கேட்பவற்றை லினக்ஸ் தரக்கூடியவையாக மாற்றித் தரும் இடையடுக்கின் மேல், இயக்கினர். பின்னர் லாசரஸ், ஃப்ரீ பாஸ்கல் ஆகிய நிரலாக்கக் கருவிகளைக் கொண்டு லினக்ஸிலேயே நேரடியாக இயங்கும் வடிவம் வந்தபோது, மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும் தொகுப்பி மாறியது. பொத்தான்களையும் பட்டியல்களையும் தரும் கூறுநூலகம் மாறியது. அமைவுகளைச் சேமிக்கும் விண்டோஸ் பதிவகமோ லினக்ஸில் இல்லவே இல்லை.

காரியம் காரணத்தில் முன்பே அடங்கியுள்ளது என்னும் சற்காரியவாதத்தைக் கொண்ட சைவ சித்தாந்தி, பழைய மூலநிரலில் அடங்கியிருந்ததே புதிய வடிவில் வெளிப்பட்டது என்று கூறக்கூடும். கணந்தோறும் பொருள் அழிந்து வேறொன்று தோன்றுகிறது என்னும் பௌத்தரோ, விளக்கின் சுடரைப் போல இங்கு ஒப்புமை உண்டே தவிர ஒருமை இல்லை என்பார். சுடரைப் பற்றி இவ்விடை போதுமானதாகலாம். பிறருடைய பதிவுகளைக் கையாளும் கருவிக்கு அது போதாது. ஏனெனில், கருவியை ‘அதுவே இது’ என்று அறிகிறவர் அதன் தோற்றத்தை மட்டும் அறிவதில்லை, அது நடந்துகொள்ளும் முறையை நம்பித் தம் செயலை அமைத்துக்கொள்கிறார்.

மதிப்பே இல்லாமையைக் குறிக்கும் ‘நல்’ என்பதும் எழுத்தேதுமில்லாத வெற்றுச் சரமும் தரவுத்தளத்தில் வேறு வேறு. ஒருவரின் தொலைபேசி எண் தெரியாது என்பதை முன்னது சொல்ல, அவருக்குத் தொலைபேசியே இல்லை என்பதைப் பின்னதால் குறித்து வைத்திருக்கக்கூடும். இவ்விரண்டையும் கட்டத்தில் ஒன்றுபோலக் காட்டும் வடிவம், ஒவ்வொரு பொத்தானையும் பழைய இடத்திலேயே வைத்திருந்தாலும் வேறு கருவியே ஆகும். எழுத்துருவும் சாளர விளிம்பும் மாறியும் இவ்வேறுபாட்டைக் காப்பது அதே கருவி. வைனிலும் இவ்வாறே: அங்கே நிரல் ஒரு பைட்டும் மாறாதது என்பது மட்டும் ஒருமைக்குச் சான்றாகாது.

ஆகவே, மென்பொருளைத் தளம் பெயர்ப்பவருடைய கடமை எல்லாவற்றையும் காப்பதன்று, எதை நம்பிப் பயனர் செயல்படுகிறார் என்று கண்டு அதைக் காப்பதே. ஹைடிஎஸ்கியூஎல்லில் ஒரு வரிசையைத் திருத்திவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாலே திருத்தம் சேவையகத்துக்குச் சென்றுவிடும். சேமிப்புப் பொத்தானை அழுத்தினால்தான் செல்லும் என்று புதிய வடிவம் மாற்றிக்கொள்வதும் குற்றமன்று. ஆனால் அம்மாற்றத்தை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பழக்கத்தால் நகர்ந்து சாளரத்தை மூடிய பயனரின் வேலை இழப்புக்கு அந்த ஒரே பெயரே காரணமாகிறது.