வேலியும் விரதமும்

குழந்தையைத் தீமையினின்று காப்பது பெற்றோரின் கடமை. அதனை மனிதரோடு மனிதராய் வாழப் பழக்குவதும் பெற்றோரின் கடமையே. இவ்விரு கடமைகளும் ஒன்றையொன்று தடுக்கும் நிலை வருமாயின் எதனை முதலாவதாகக் கொள்வது? குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாது இல்லத்திலேயே கற்பிக்கும் பெற்றோர் இவ்வினாவினின்று தப்ப முடியாது. எங்கள் மகனுக்கு ஐந்து ஆண்டுகளாக வீட்டிலேயே கல்வி புகட்டிவரும் நாங்கள், இதில் தவறியதையும் திருந்தியதையும் நம் சமுதாயக் குடும்பங்களின் முன் வைக்க விழைகின்றோம்.

மூன்றாம் வகுப்பு முடிந்தவுடன் மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். காரணங்கள் இரண்டு. பொருள் விளங்காத மனப்பாடம் அவனுக்குப் பாடங்களின்மேல் வெறுப்பை உண்டாக்கியது. மற்றொன்று உணவு. கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இல்லாத அவனுடைய டிபன் பாக்ஸை உடன் பயில்வோர் சிலர் நாள்தோறும் நகையாடினர். உணவைக் கொட்டிவிட்டுப் பசியோடு அவன் வீடு திரும்பிவந்த செய்தி, ஒரு மாதம் சென்ற பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. நாற்பது பிள்ளைகளின் நடுவே அமர்ந்திருந்தும் அவன் தனியனாகவே இருந்திருக்கின்றான். ஆகவே பள்ளியில் சேர்ந்துவிட்டால் தோழமை தானே கிடைத்துவிடும் என்று நாங்கள் கூறமாட்டோம்.

வீட்டில் கல்வி நன்றாகவே நடந்தது. கணக்கைத் தந்தையும் மொழியைத் தாயும் கற்பித்தோம். பாட்டி தீர்த்தங்கரர் வரலாறுகளைக் கூறினார். இரண்டே ஆண்டுகளில் அவன் பெரியவர்கள் படிக்கும் நூல்களைப் படித்தான். வீட்டிற்கு வருவோரிடம் தெளிவாக உரையாடினான். பொழுது சாய்வதற்குள் உணவு, உறங்குமுன் வழிபாடு, தூய நடை ஆகிய யாவும் முறையாக அமைந்தன. எங்களுக்கு அதில் சிறிது பெருமையும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அப்பெருமை வந்தவாசிக்கு அருகேயுள்ள எங்கள் பூர்வீக ஊரில் கலைந்தது. ஜினாலய ஆண்டு விழாவுக்குச் சென்றிருந்தோம். பூசை முடிந்தபின் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடத் தொடங்கினர். எங்கள் மகன் திண்ணையோரம் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சிறுவன் அவனைப் பார்த்துச் சிரித்தான். இவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னர்த் திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரிடம் சென்று ஏதோ நூலைப் பற்றிப் பேசலானான். அன்றிரவு படுக்கையில் அவன் தாயைக் கேட்டான்: "அம்மா, விளையாட்டில் சேர்ந்துகொள்ள என்ன சொல்ல வேண்டும்?"

பத்து வயதுப் பிள்ளை கேட்ட அவ்வினா எங்களை உறங்கவிடவில்லை. எண்ணற்ற சொற்களைக் கற்பித்த நாங்கள் அந்த ஒரு சொல்லைக் கற்பிக்கவில்லை. அது நாங்கள் கற்பிக்கக்கூடியதும் அன்று. பிள்ளைகள் பிள்ளைகளிடமே கற்பது.

அதுவரை எங்களைக் கேட்டோர்க்கு ஒரு விடையை ஆயத்தமாக வைத்திருந்தோம். "தீய சேர்க்கையைவிடத் தனிமை நன்று, நம் முன்னோரும் கூடா நட்பைக் கடிந்துள்ளனர்" என்போம். சமண முனிவர்கள் அருளிய நாலடியாரில் 'கூடா நட்பு' என்றோர் அதிகாரம் இருப்பது உண்மையே. ஆனால் அந்நூலிலேயே 'நல்லினம் சேர்தல்' என்பதும் தனி அதிகாரம். 'நட்பாராய்தல்' என்பதற்கும் 'கூடா நட்பு' என்பதற்கும் இடையே 'நட்பிற் பிழை பொறுத்தல்' என்ற அதிகாரம் அமைந்திருப்பதையும் நாங்கள் அப்பொழுதுதான் கருத்தோடு நோக்கினோம். பலரோடு பழகாதவன் எவரை ஆராய்வான்? பிழை செய்ய ஒரு நண்பனே இல்லாதவன் எதனைப் பொறுப்பான்? பொறுமை நூலால் வருவதன்று. பந்தைத் தராமல் ஓடியவனோடு மறுநாளும் விளையாடச் செல்வதால் வருவது.

இல்லக் கல்வியின் உயர்வுக்கும் குறைவுக்கும் ஒருசேரச் சான்றாக நிற்பவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1806ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு அவர் தந்தை ஜேம்ஸ் மில் தாமே கல்வி புகட்டினார். மூன்று வயதில் கிரேக்க மொழியும் எட்டு வயதில் இலத்தீனும் தொடங்கப்பட்டன. பிற சிறுவரின் இழிந்த எண்ணங்கள் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று கருதிய தந்தை, அவர்களோடு மகன் மிகுதியாகப் பழகாதவாறு காத்தார். மில் இதனைத் தம் தன்வரலாற்றில் கூறுகின்றார். அந்நூல் அவர் மறைந்த 1873ஆம் ஆண்டில் வெளிவந்தது. அறிவில் அவர் தம் வயதினரை வெகுதொலைவு முந்தினார். எனினும் 1826இல், இருபதாவது வயதில், எதிலும் இன்பமற்ற பெருஞ்சோர்வு அவரைப் பற்றியது. அத்துயரை எவரிடமேனும் கூறலாம் என்று எண்ணியபோது, கூறத்தக்கவர் ஒருவரும் இல்லை என்பதை உணர்ந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொந்தேல் தம் தந்தையின் மரணத்தைப் பற்றி எழுதிய பகுதியைப் படித்துக் கண்ணீர் பெருகிய அன்றே அவருடைய பாரம் குறையத் தொடங்கியது. அச்சோர்வுக்குக் காரணங்கள் பல இருக்கலாம்; முழுவதையும் இல்லக் கல்வியின்மேல் சுமத்துவது நேர்மையாகாது. எனினும் துன்பத்தில் அணுகத்தக்க ஒரு தோழனைப் பெற்றிருத்தலும் கல்வியின் ஒரு பகுதியே என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமுதாயங்களுக்கு வேறோர் அச்சமும் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் தொகை ஏறத்தாழ 89,000. வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடங்குவர். கடலிற் கரைந்த உப்பாக நம் பிள்ளைகள் ஆகிவிடுவரோ என்று கலங்குவது இயல்பே. அமெரிக்காவிலுள்ள ஆமிஷ் என்னும் சிறிய கிறித்தவச் சமுதாயத்தாரும் இவ்வாறே அஞ்சினர். எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த விஸ்கான்சின் மாநிலப் பெற்றோர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 1972இல் பெற்றோர்க்குச் சார்பாகத் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் வேறுபட்டார். பெற்றோரின் உரிமையும் அரசின் உரிமையும் பேசப்பட்டன. பிள்ளையின் விருப்பம் என்னவென்று கேட்கவேண்டாமா என்பது அவர் எழுப்பிய வினா. வழக்கிற்கு உட்பட்ட பிள்ளைகளுள் ஒரு சிறுமி மட்டுமே சாட்சியம் அளித்திருந்தாள்.

நாங்களும் எங்கள் மகனைக் கேட்டதில்லை. கேட்டபோது அவன் கூறிய விடை எளியது. பள்ளிக்குத் திரும்ப அவனுக்கு விருப்பமில்லை. நண்பன் வேண்டும் என்பதே விருப்பம். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை எங்களைவிட அவன் தெளிவாக அறிந்திருந்தான்.

இனி எங்கள் கருத்தின் மையத்திற்கு வருகின்றோம். வேலி என்பது பிறர் நம்மைச் சுற்றி அமைப்பது. விரதம் என்பது அறிந்து, ஆராய்ந்து, தானே ஏற்பது. இரவில் உண்ணும் வீட்டையே காணாத பிள்ளை இரவு உண்ணாமையை மேற்கொண்டதாகக் கூற இயலாது. அவனுக்கு வாய்ப்பு நேரவில்லை, அவ்வளவே. நாங்கள் கொடுத்தது வேலி. அதை விரதம் என்று எண்ணி மகிழ்ந்திருந்தோம். இளங்கன்றுக்கு வேலி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆயினும் கன்று வளர வளர வேலியை அகற்றி அகற்றி அமைப்பதே தோட்டக்காரனின் முறை. அகற்றாத வேலியில் மரத்தின் கிளைகள் வளைந்துபோகும்.

இதில் அனேகாந்தக் கொள்கையும் ஓரளவு தொடர்புடையது. ஒரு பொருளுக்குப் பல பக்கங்கள் உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு வீட்டாரின் பேச்சை மட்டுமே அவன் கேட்கும்படி வளர்ப்பது முரண் அன்றோ?

பின்னர் நாங்கள் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகின்றோம். முதலில் ஒரு தவறு செய்தோம். ஓவியம், இசை, நீச்சல் என்று வகுப்பு வகுப்பாகச் சேர்த்தோம். ஒவ்வொன்றிலும் புதிய முகங்கள். வகுப்பு முடிந்தவுடன் அனைவரும் அவரவர் வண்டியில் ஏறிச் சென்றனர். நட்பு அங்கு முளைக்கவில்லை. அதே பிள்ளைகளை, அதே இடத்தில், அதே நேரத்தில், வேலை ஏதுமின்றி மீண்டும் மீண்டும் காண்பதிலேயே நட்பு பிறக்கின்றது என்பதைத் தாமதமாக உணர்ந்தோம். நான்கு மணிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவர். அவ்வேளையில் பாடத்தை நிறுத்தி, வாசற்கதவைத் திறந்துவைத்தோம். வருவோர்க்குச் சுண்டலும் மோரும் இருந்தன. முதற்கிழமை ஒருவரும் வரவில்லை. பட்டம் ஒன்று எங்கள் மாடியில் சிக்கிய அன்று மூவர் வந்தனர். அம்மூவரும் மறுநாளும் வந்தனர்.

அடுத்துக் கற்றது, விலகி நிற்பது. அவர்களுக்குள் பூசல் எழும்போதெல்லாம் எங்களுள் ஒருவர் எழுந்து சென்று நீதி வழங்குவது வழக்கமாயிருந்தது. அதை நிறுத்தினோம். அடிதடியாகாத சண்டைகளை அவர்களே முடித்துக்கொண்டனர். நாங்கள் முடித்துவைத்தவற்றைவிட அவை விரைவில் முடிந்தன.

சோதனை ஒருநாள் வரத்தான் செய்தது. நண்பன் ஒருவனின் பிறந்தநாள். அழைப்போ இரவு ஏழு மணிக்கு. முன்பாயின் ஏதேனும் சாக்குக் கூறித் தடுத்திருப்போம். "சென்று வா. எதை உண்பது, எதை விடுப்பது என்பதை நீயே முடிவு செய்" என்று கூறி அனுப்பினோம். அன்று அவன் கேக் உண்டான். கேட்காமலே மறுநாள் காலையில் வந்து கூறி அழுதான். எங்களுள் ஒருவர் அவனை அனுப்பியதே தவறு என்றார். அவருக்கு இன்றும் அதில் முழு மனநிறைவு இல்லை. மற்றவர், அவன் தானே வந்து கூறியதை ஒரு பேறாகக் கருதினார். இவ்வேறுபாட்டையும் மறைக்காமல் எழுதுகின்றோம். ஏனெனில் இவ்வினாவில் ஐயமற்ற விடை எங்களிடம் இல்லை. அடுத்த ஆண்டு, அதே நண்பனின் தாயாரிடம் அவனே முன்னதாகச் சென்று, "அத்தை, பொழுது சாய்ந்த பின் நான் உண்பதில்லை, முட்டை கலந்ததும் உண்பதில்லை" என்று கூறினான். அந்த அம்மையார் ஐந்து மணிக்கே அவனை அழைத்துப் பழங்களும் இட்டிலியும் பரிமாறினார். அன்று அவன் மேற்கொண்டது அவனுடைய விரதம். நாங்கள் அப்போது அங்கு இல்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாகக் கூறுகின்றது. இல்லக் கல்வியைப் பற்றி அதில் தனியே ஏதும் கூறப்படவில்லை. இல்லத்தில் பயில்வோர் பலர் 1989இல் தொடங்கப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே தேர்வு எழுதுகின்றனர். பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். எங்கள் மகனும் அடுத்த ஆண்டு அதற்குப் பதிவு செய்வான். இவ்வழியை நாட விரும்புவோர் இவற்றை ஆராய்ந்தே முடிவு செய்க. 'அருகமை' என்ற அச்சொல்லையும் சிறிது எண்ணிப் பார்க்கலாம். அண்டை வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து வளர்தல் ஒரு குழந்தைக்கு உரியது என்னும் கருத்து அச்சொல்லில் அடங்கியுள்ளது. பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் அக்கடனைத் தாமே வேறு வழியில் தீர்த்தாக வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரங்களில் நம்மவர் வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. கோடை விடுமுறையில் ஒரு வாரமேனும் பிள்ளைகளை உறவினர் ஊர்களுக்கு அனுப்பி, பெற்றோர் உடனில்லாமல் இருக்கச் செய்யலாம். ஆலய விழாக்களுக்கு வரும் பிள்ளைகளைச் சொற்பொழிவு முடியும்வரை அருகிலேயே அமர்த்திவைக்காமல், அவர்கள் தமக்குள் கூடிக் களிக்க நேரம் விடலாம். திண்ணையோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால், நம் பிள்ளையிடம் மெல்லச் சொல்லி அவனையும் அழைக்கச் செய்யலாம். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாதலே அவற்றின் இயல்பு என்பது நம் ஆசாரியர்கள் காட்டிய நெறியன்றோ?

சென்ற ஆண்டு விழாவுக்கு மீண்டும் ஊருக்குச் சென்றோம். பூசை முடிந்ததும் மகன் தெருவில் இறங்கி, "நானும் வரட்டுமா?" என்றான். அவ்விரு சொற்களை அவன் எங்களிடம் கற்கவில்லை. அவற்றைக் கற்க வேண்டிய இடத்திற்கு அவனைப் போகவிடுவதற்கே எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின. ஏனைய பெற்றோர் இத்துணைக் காலம் தாழ்த்தாது சிந்திப்பாராக.