பாடியவர் யார்?

கதையும் நடிப்பும் நடனமும் பாட்டும் ஒன்றாய்க் கலந்து வரும் இசைத் திரைப்படங்களுக்கு உலகெங்கும் தனிப்பட்டதோர் இரசிகர் கூட்டம் உண்டு. நியூயார்க் நகரின் பிராட்வே மேடைகளில் பிறந்து, ஹாலிவுட்டின் திரையில் வளர்ந்த பாடல்களை வாழ்நாளெல்லாம் நெஞ்சில் சுமப்பவர்கள் அவர்கள். ஒரே படத்தை இருபது முறை பார்ப்பார்கள். இசைத்தட்டு தேயும்வரை கேட்பார்கள். துயரம் வந்தாலும் மகிழ்ச்சி வந்தாலும் அவர்கள் உதட்டில் ஏதேனும் ஒரு மேடைப்பாட்டு முணுமுணுப்பாய் எழும். நம்மிடையேயும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தைப் பள்ளி நாள்களில் பார்த்துவிட்டு, அதன் பாடல்களை இன்றளவும் மறவாதோர் எத்தனை பேர்!

இத்தகைய ஈடுபாடு நல்லதா, வீண்பொழுதா என்னும் கேள்வி பழையது. அதனினும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. இன்பம் தந்தவருக்கு நாம் கடன்பட்டவர்கள் என்றால், அவர் யார் என்றே நமக்கு மறைக்கப்பட்டிருக்கும்போது அக்கடனை எங்ஙனம் தீர்ப்பது? இசைத் திரைப்படங்களின் வரலாறே இக்கேள்வியை நம்முன் வைக்கின்றது.

இன்பம் குற்றமா?

புனித அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவன்முன் எடுத்துரைக்கும் நூலின் பத்தாம் பகுதியில், பாட்டின் இனிமையைப் பற்றி நெடிது எண்ணுகிறார். கோவிலில் பாடப்படும் சொற்களைவிடப் பாடும் குரல் தம்மை அதிகம் உருக்கினால், அதைக் குற்றமென்றே அவர் கருதினார். ஆயினும் அவர் இசையை விலக்கிவிடவில்லை. அதனால் விளையும் நன்மையையும் ஒப்புக்கொண்டார். செவி இன்பத்தில் மயங்கி, அது சுட்டும் பொருளை மறக்கலாகாது என்பதே அவரது கவலை.

புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி முன்னே செல்கிறார். உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பது போலவே உள்ளத்திற்கும் ஓய்வு வேண்டும். அவ்வோய்வு இன்பத்தில் கிடைக்கிறது. ஆகவே அளவோடு கூடிய விளையாட்டும் களிப்பும் நற்பண்புக்கு உரியவை என்பது அவரது தெளிவு. மனிதரை மகிழ்விக்கும் கூத்தரின் தொழில் தன்னளவில் தீயதன்று என்றும், அவர்களை அளவறிந்து ஆதரிப்போர் பாவம் செய்யாததோடு, உழைப்புக்கு ஊதியம் தருவதால் நீதியே செய்கின்றனர் என்றும் அவர் எழுதினார். இங்கே 'நீதி' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். களிப்பு என்பது நமக்கும் நம் மனநிலைக்கும் இடையே உள்ள செய்தி மட்டுமன்று. அதைத் தந்த ஒருவர் இருக்கிறார். அவருக்கும் நமக்கும் இடையே ஓர் உறவு பிறந்துவிடுகிறது.

திரைக்குப் பின்னால் ஒரு குரல்

பேசும் படம் வந்த புதிதில் பாட்டும் நடனமும் படப்பிடிப்புத் தளத்திலேயே ஒருசேரப் பதிவாயின. விரைவில் வேறொரு முறை வந்தது. இசைக்குழுவோடு பாடலை முதலில் பதிவு செய்துகொள்வர். பின்பு தளத்தில் அதை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டு, நடிகர்கள் அதற்கேற்ப வாயசைப்பர். முகத்தையும் குரலையும் தனித்தனியே பிரிக்க முடியும் என்றானபின், ஒருவர் முகத்திற்கு மற்றொருவர் குரலைப் பொருத்துவதும் எளிதாயிற்று.

1930-இல் பிறந்த மார்னி நிக்சன் என்ற பாடகியின் வாழ்வு இதற்குச் சிறந்த சான்று. 1956-இல் வெளிவந்த 'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டெபரா கெர் பாடுவதாக நாம் கேட்பது பெரும்பாலும் நிக்சனின் குரல். அவ்விருவரும் அருகருகே நின்று ஒத்திகை பார்த்தனர். பேச்சு பாட்டாக மாறும் இடங்களில் ஒருவர் குரல் எங்கே முடிந்து மற்றவர் குரல் எங்கே தொடங்குகிறது என்பது கேட்போருக்கு விளங்காது. 1961-இல் வந்த 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்தில் நட்டாலி வுட் பாடல்களைத் தாமே பாடிப் பதிவு செய்தார். தம் குரலே ஒலிக்கப்போகிறது என்று நம்பியிருந்தார். இறுதியில் ஒலித்ததோ நிக்சனின் குரல். படம்பிடித்து முடிந்த உதட்டசைவுக்குத் தம் பாட்டைப் பொருத்த வேண்டிய கடினமான பணி அவருடையதாயிற்று. 1964-இல் 'மை ஃபேர் லேடி' படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் பாடல்களில் பெரும்பகுதியைப் பாடியவரும் அவரே.

இம்மூன்று படங்களின் பெயர்ப் பட்டியலில் எதிலும் மார்னி நிக்சன் என்ற பெயர் இல்லை. உண்மையை வெளியிட்டால் இனி இத்தொழிலில் இடமே இராது என்று 'தி கிங் அண்ட் ஐ' படத்தின்போது தாம் எச்சரிக்கப்பட்டதாக அவரே பின்னாளில் கூறினார்.

அவர் ஒருவர் மட்டுமல்லர். நாம் பெரிதும் போற்றும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தையே எடுத்துக்கொள்வோம். மனம் தளர்ந்து மடத்திற்குத் திரும்பும் மரியாவுக்கு மலைகளையெல்லாம் ஏறிக் கடக்குமாறு மடத்தலைவி பாடும் பாடலைக் கேட்டு உள்ளம் உயராதவர் யார்? அத்தலைவியாக நடித்தவர் பெக்கி வுட். பாடியவர் மார்ஜரி மெக்கே. கேப்டன் வான் டிராப்பாக நடித்தவர் கிறிஸ்டோபர் பிளம்மர். பாடியவர் பில் லீ. அதே படத்தில் கன்னியர் சோபியாவாகச் சிறு வேடமேற்றுத் தம் முகத்தோடு திரையில் தோன்றியவர், இத்தனை ஆண்டுகள் மறைந்து பாடிய மார்னி நிக்சன்!

இன்னும் வருத்தத்திற்குரியது ஜுவானிட்டா ஹாலின் கதை. 1949-இல் 'சவுத் பசிபிக்' மேடை நாடகத்தில் பாடி நடித்து, டோனி விருதைப் பெற்ற முதல் கருப்பினக் கலைஞர் என்னும் சிறப்பை அடைந்தவர் அவர். 1958-இல் அந்நாடகம் படமானபோது அவரே அதே வேடத்தில் நடித்தார். ஆனால் அவரது குரலுக்கு மாற்றாக மியூரியல் ஸ்மித்தின் குரல் வைக்கப்பட்டது. பாடத் தெரிந்தவரும், அப்பாட்டிற்காகவே புகழ்பெற்றவரும் தம் வாயைத் திறந்து மற்றவர் பாட்டுக்கு அசைக்க நேர்ந்தது.

நீதி சொன்ன படமும் தப்பவில்லை

இவற்றையெல்லாம் ஹாலிவுட் அறியாமல் செய்தது என்று சொல்லவும் இயலாது. 1952-இல் வந்த 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தின் கதையே இதுதான். ஊமைப்பட நாயகி ஒருத்திக்குக் கீச்சுக்குரல். கேத்தி என்னும் இளம்பெண்ணின் குரலைக் கொண்டு அவள் புகழ் பெறுகிறாள். கேத்தி என்றென்றும் பெயரின்றித் தனக்காகப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறாள். முடிவில் திரைச்சீலை விலகுகிறது, பின்னால் நின்று பாடும் கேத்தியை மக்கள் காண்கின்றனர், உண்மை வெல்கிறது. நாமும் கைதட்டுகிறோம்.

ஆனால் கேத்தியாக நடித்த டெபி ரெனால்ட்ஸ், நாயகிக்காகப் பாடுவதாகக் காட்டப்படும் பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ் என்னும் வேறொரு பாடகி. அதே கட்டத்தில் நாயகிக்காகக் கேத்தி பேசுவதாகக் காட்டப்படும் வசனமோ, கீச்சுக்குரல் நாயகியாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்! மறைக்கப்பட்ட பாடகிக்கு நீதி வழங்கிய படம், தன் மறைந்த பாடகியின் பெயரைச் சொல்லாமலே முடிந்தது. பிறருக்கு நீதி பேசுவது எவ்வளவு எளிது, தன் வீட்டில் அதைச் செய்வது எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

பொய் எங்கே உள்ளது?

ஒருவருக்காக மற்றொருவர் பாடுவதே பொய் என்று நாம் முடிவு கட்டலாமா? கூடாது. நம் நாட்டுத் திரையுலகமே இதற்கு விடை தருகிறது. 1930-களின் இறுதி முதல் தமிழ்ப் படங்களில் பின்னணிப் பாடல் முறை வந்து நிலைபெற்றது. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் டி.எம். சௌந்தரராஜன் பாடினார் என்பது சிற்றூர்க் குழந்தைக்கும் தெரியும். அதனால் எவரும் ஏமாற்றப்பட்டதாக எண்ணவில்லை. படத்தின் பெயரோடு பாடியவர் பெயரையும் வானொலி அறிவிப்பாளர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எல்லாரும் அறிந்து ஒப்புக்கொண்ட மரபு பொய்யாகாது. நாடகத்தில் அரசனாக வருபவன் அரசனல்லன் என்பதை அறிந்தே நாம் பார்ப்பது போன்றது அது. பொய் என்பது குரலைப் பொருத்துவதில் இல்லை. பெயரை மறைப்பதில் இருக்கிறது.

இங்கும் தொடக்கம் தூயதாய் இருந்ததில்லை. 1949-இல் வந்த 'மகல்' என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் முதலில் வந்த இசைத்தட்டில் அச்சிடப்பட்டிருந்த பெயர் காமினி; அது கதையில் வரும் பெண்ணின் பெயர். பாட்டில் மயங்கிய மக்கள் 'பாடியவர் யார்?' என்று வானொலி நிலையத்தாரிடம் கேட்டனர். நிலையத்தார் இசைத்தட்டு நிறுவனத்திடம் விசாரித்துப் பெயரை அறிவித்தனர். இரசிகர்களின் கேள்வியே ஒரு பாடகிக்கு அவரது பெயரை மீட்டுத் தந்தது!

இரண்டு மறுப்புகள்

'பாடியவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், ஊதியம் பெற்றார், பின்பு என்ன குறை?' எனச் சிலர் கேட்கலாம். ஊதியம் உழைப்புக்குரிய விலை. அதைத் தந்துவிட்டால் வாங்கியவரின் கடன் ஒருவேளை தீரலாம். கேட்டு மகிழ்ந்த நம் கடன் அதனால் தீர்ந்துவிடுவதில்லை. மேலும், வாய்ப்பை இழக்க அஞ்சி ஒருவர் தரும் இசைவை முழு இசைவு என்று கொள்வது எங்ஙனம்?

'உண்மை தெரிந்தால் மாயம் கலைந்துவிடும், இன்பம் குறைந்துவிடும்' என்பர் வேறு சிலர். தமிழ் இரசிகரின் அனுபவம் இதை மறுக்கிறது. பாடியவரை அறிந்தபின் நாம் ஒரே பாட்டில் இருவரை வியக்கிறோம். உண்மை தெரிந்தவுடன் அழியும் இன்பம் ஏதேனும் உண்டெனில், அது காத்துவைக்கத் தக்கதுதானா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மறைந்தவருக்கு நீதி செய்கிறோம் என்று சொல்லி, தெரிந்தவரை இகழ்ந்துவிடலாகாது. 'மை ஃபேர் லேடி' வெளிவந்தபோது, ஹெப்பர்ன் தாமே பாடவில்லை என்பது பரவலாகப் பேசப்பட்டது. அப்படம் பல ஆஸ்கார் விருதுகளைக் குவித்தும், நடிகைக்கான பரிந்துரைப் பட்டியலில்கூட அவர் பெயர் இடம்பெறவில்லை. மேடையில் அவ்வேடத்தை முதலில் ஏற்றும் படத்திற்கு அழைக்கப்படாத ஜூலி ஆண்ட்ரூசுக்கே, 'மேரி பாப்பின்ஸ்' படத்திற்காக அவ்வாண்டின் விருது கிடைத்தது. குரலை மறைத்தது நடிகையின் முடிவன்று. தம் குரல் நீக்கப்பட்ட நட்டாலி வுட்டும் வருத்தத்திற்குரியவரே. பிறர் பாட்டுக்குத் தம் கண்ணாலும் கையாலும் உயிர் ஊட்டியதும் உழைப்பே. ஒருவருக்குரியதைத் தருவதற்காக மற்றவருக்குரியதைப் பறிப்பது நீதியாகாது.

அறிதலே நன்றி

நன்றிக்கடனுக்குப் படிகள் உண்டு என்கிறார் புனித தாமஸ் அக்குவினாஸ். பெற்ற நன்மையை நன்மையென உணர்வது முதற்படி. வாயார நன்றி கூறுவது இரண்டாம் படி. தக்க இடத்திலும் நேரத்திலும் இயன்ற அளவு கைம்மாறு செய்வது மூன்றாம் படி. நன்மை பெற்றதையே உணராதிருத்தல் நன்றிகேட்டில் மிகக் கொடியது. வள்ளுவரும் தம் நூலின் பதினோராம் அதிகாரத்திற்கு இட்ட பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. தமிழில் இவ்வறம் 'அறிதல்' என்றே வழங்குவது எத்துணைப் பொருத்தம்! அறியாதவரால் நன்றி சொல்ல இயலாது.

இம்மூன்று படிகளையும் இக்கதையிலேயே காணலாம். நிக்சன் தமக்காகப் பாடினார் என்பதை டெபரா கெர் தாமே வெளிப்படுத்தினார். அது உணர்ந்து உரைத்த நன்றி. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசையமைத்த லெனார்ட் பெர்ன்ஸ்டைன், இசைத்தட்டு விற்பனையில் தமக்குரிய பங்கிலிருந்து கால் விழுக்காட்டை நிக்சனுக்கு அளித்தார். தொகை சிறிதாயினும் அது கைம்மாறு. கடமை இல்லாதபோதும் கொடுத்த கை அது. முதற்படியோ நம் எல்லார்க்கும் எட்டக்கூடியது. பாடியவர் யார் என்று கேட்பதற்குச் செல்வமும் வேண்டா, செல்வாக்கும் வேண்டா.

2016-இல் மார்னி நிக்சன் இறந்தபோது உலகின் பெரிய நாளேடுகள் அவரைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தன. அதற்குள் அவர் பாடியவை பலகோடி மக்களின் நெஞ்சில் வேறு முகங்களோடு குடியேறிவிட்டிருந்தன. பெட்டி நாய்ஸ், மார்ஜரி மெக்கே, பில் லீ ஆகியோரின் பெயர்களை இன்றும் எத்தனை பேர் அறிவர்?

எனவே பாட்டில் தோய்ந்த இரசிகரை வீண்பொழுது போக்குபவர் என நாம் எளிதில் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தேடித் தேடிப் பெயர்களைத் திரட்டி, 'இதைப் பாடியவர் இவர்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இரசிகர் ஒரு சிறு நீதியை நாள்தோறும் செய்து வருகிறார். நாமும் அவரிடம் கற்றுக்கொள்ளலாம். நம் வீட்டு விருந்தை உண்டபின் அடுக்களையில் நின்றவர் யார் எனக் கேட்கலாம். திருவிழாப் பாடல் நன்றாயிருந்தது என்று சொல்வதோடு நில்லாமல், அதை எழுதியவரையும் பழக்கியவரையும் பெயர் சொல்லி வாழ்த்தலாம். மலர்ந்த முகத்தைக் கண்டு மகிழும் நாம், அதற்குக் குரல் தந்தவரையும் தேடி அறிவோமாக.