உயிர்லயமும் மனிதப் பொறுப்பும்

வருவதை முன்னறிய விழையும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. கோள்களின் நிலைகொண்டு எதிர்காலத்தைக் கணித்த மனிதன், பிற்காலத்தில் விஞ்ஞானத்தின் பெயராலும் அதே முயற்சியைத் தொடர்ந்தான். 'பயோரிதம்' எனப்படும் உயிர்லயக் கொள்கை அத்தகையதொன்றாகும். 1970களில் மேலைநாடுகளிற் பெருஞ்செல்வாக்குப் பெற்ற இக்கொள்கை, தொழில்முறைக் கொல்ப் வீரரின் வெற்றி தோல்விகளையும் முன்கூறவல்லது எனக் கருதப்பட்டது. அக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதும், அதனை ஏற்பின் மனிதப் பொறுப்பு யாதாகும் என்பதும் ஆராயத்தக்கன.

இக்கொள்கையின் மூலவர் பேர்லின் நகர மருத்துவரான வில்லெம் பிளீஸ் (1858–1928) ஆவார். சிக்மண்ட் பிராய்டின் நண்பரான இவர், 23 நாள், 28 நாள் கொண்ட இரு வட்டங்கள் மனித வாழ்வை ஆள்கின்றன என்றார். பின்வந்தோர் 33 நாள் வட்டமொன்றையும் சேர்த்தனர். இவை முறையே உடல், உணர்ச்சி, அறிவு என்பவற்றுக்கு உரியன. பிறந்த நாளிலே தொடங்கி இறுதிவரை மாறாது சுழலும் ஒவ்வொரு வட்டமும் முற்பாதியில் உயர்நிலையிலும் பிற்பாதியில் தாழ்நிலையிலும் இருக்கும். நிலை மாறும் நாள் 'நெருக்கடி நாள்' எனப்படும். எனவே எதிர்காலத்தைக் கணிக்க ஒருவரின் பிறந்த திகதியும் வகுத்தற் கணக்குமே போதுமானவை.

இக்கொள்கைக்குச் சார்பாக ஆனல்ட் பாமரின் ஆட்டம் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 1929 செப்டெம்பர் 10இல் பிறந்த அவர், 1962 ஜூலையில் பிரித்தானியப் பகிரங்கச் சுற்றுப்போட்டியில் வென்றபோது மூன்று வட்டங்களும் உயர்நிலையில் இருந்தன. அடுத்த வாரம் அமெரிக்கத் தொழில்முறை வீரர் சங்கத்தின் போட்டியில் அவர் வெல்லவில்லை. அப்போது மூன்றும் தாழ்நிலையில் இருந்தன. இது மனத்தைக் கவரும் சான்றே. ஆயினும், ஒரு சான்று பொருந்துவதால் மட்டும் கொள்கை நிலைபெற்றுவிடாது.

ஜக் நிக்லஸின் வாழ்வு இதற்கு மாறானதொரு சான்றைத் தருகிறது. 1940 ஜனவரி 21இல் பிறந்த அவர், 1986 ஏப்ரல் 13 அன்று, தமது 46ஆவது வயதில், மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றை 65 அடிகளில் முடித்து வாகை சூடினார். அன்று அவர் பிறந்து 16,884 நாட்கள் கழிந்திருந்தன. இத்தொகை 28ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே அது உணர்ச்சி வட்டத்தின் நெருக்கடி நாள். அறிவு வட்டமோ தாழ்நிலையில் இருந்தது. பதற்றம் மிக்க அந்நாளிலேயே அவரது புகழ்மிக்க வெற்றி நிகழ்ந்தது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம். ஆதலால் உணர்ச்சி வட்டத்தின் நெருக்கடி நாட்கள் எப்போதும் ஒருவர் பிறந்த கிழமையிலேயே வரும். பெரும் போட்டிகளின் இறுதிச் சுற்று வழமையாக ஞாயிறன்று நடைபெறுகிறது. எனின், ஞாயிறன்று பிறந்த வீரருக்கு இறுதிச் சுற்றுகளுட் பாதியளவு நெருக்கடியாகவும், திங்களன்று பிறந்தவருக்கு ஒன்றேனும் நெருக்கடியாகாமலும் இருத்தல் வேண்டும். இதனை எவ்விளையாட்டரங்கு ஏற்கும்?

கொள்கையினர் இதற்கும் விடை கூறுவர்: நெருக்கடி நாளில் வென்றவர் விழிப்போடு ஆடினார் என்பர். தோற்றாலும் பொருந்தும், வென்றாலும் பொருந்தும் எனின், அக்கூற்று எதனையும் முன்கூறவில்லை. பொய்ப்பிக்க இடந்தராத கூற்று விஞ்ஞானமாகாது என்று கார்ல் பொப்பர் வலியுறுத்தியது இங்கு மனங்கொள்ளத்தக்கது. மூன்று வட்டங்களையும் சேர்த்து நோக்கின், நான்கு நாட் போட்டியொன்றில் பாதிக்கு மேற்பட்ட வீரருக்கு ஒரு நெருக்கடி நாளேனும் அமையும். தோல்விக்குக் காரணம் தேடுவோர்க்கு இதனினும் எளிய வழி வேண்டுமோ? 1998இல் ரெரன்ஸ் ஹைன்ஸ் 134 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இக்கொள்கைக்கு ஆதாரமில்லை என்றே முடிவுகட்டினார். உடலில் நாளாந்த இலயம் உண்டென்பது உண்மையே. ஆயின் அது ஒளிக்கும் உறக்கத்துக்கும் ஏற்ப இசைந்து மாறுவது, பிறந்த திகதியோடு பூட்டப்பட்டதன்று.

எனினும், பொய்யான கொள்கையும் மெய்யான விளைவை ஏற்படுத்தலாம். இன்று உனக்கு நெருக்கடி நாள் எனக் கேட்ட வீரனின் கை, குழியருகே நடுங்கக்கூடும். அப்போது முன்னறிவிப்பே தோல்விக்குக் காரணமாகிறது. அன்றியும், தோல்வியை வட்டத்தின்மேற் சுமத்துபவன் வெற்றியையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும். பல்லாண்டுப் பயிற்சியும் துணிவும் அவனுடையனவாக எஞ்சா.

1925இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் பொபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் அதனைக் காணவில்லை. அவரே தமக்கு ஓர் அடியைத் தண்டமாக விதித்துக்கொண்டார். ஈற்றில் மற்றொருவரோடு சமநிலை எய்தி, மேலதிக ஆட்டத்தில் தோற்றார். அன்று அவரது வட்டங்கள் எந்நிலையில் இருந்தன என்று வினவுவது பொருளற்றது. தன் பிழையைத் தானே எண்ணிச் சொல்லும் மனிதனுக்கு, அதனைச் சுமக்க வேறொரு வட்டம் வேண்டியதில்லை.