செய்தவனும் சொல்பவனும்

தீங்கு செய்தவன் தன் கதையைத் தானே சொல்லும்போது, அங்கே பேசுவது பச்சாத்தாபமா, அல்லது பச்சாத்தாபத்தின் வேஷம் பூண்ட தற்காப்பா என்பது சமயவாதிகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கேள்வி. பாலியல் குற்றம் புரிந்து சிறை புகுந்தோரைத் திருத்த முயலும் மனோதத்துவ நிபுணர்களும் இன்று அதே கேள்வியின் முன் நிற்கிறார்கள்.

1960-களில் ஃபிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர், மனிதனை அலைக்கழிப்பது நிகழ்ச்சியன்று, அதற்கு அவன் கற்பித்துக்கொள்ளும் பொருளே என்ற கருத்தை அஸ்திவாரமாகக் கொண்டு ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். மனச்சோர்வுக்கென்று பிறந்த அம்முறை நாளடைவில் சிறைக்குள்ளும் சென்றது. 'அவளும் விரும்பினாள்', 'குடி செய்த வேலை' என்று குற்றவாளி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவைத்து விசாரிப்பதே அங்கே அதன் காரியம்.

இத்தகைய சமாதானங்களுக்கு நம் மொழியே எவ்வளவு தாராளமாக இடங்கொடுக்கிறது! 'நடந்துவிட்டது' என்றால் செய்தவன் மறைந்துபோகிறான். 'புத்தி கெட்டுவிட்டது' என்றால் புத்தி குற்றவாளியாகிறது, அதன் சொந்தக்காரன் வெறும் சாட்சியாகிறான். 'தவறு செய்துவிட்டேன்' என்று மார்பில் அடித்துக்கொண்டு அழும்போதுகூட, எழுவாய் தெரிகிறது, பயனிலை இருக்கிறது, யாருக்குச் செய்தான் என்ற ஒரு சொல் மட்டும் காணோம்.

அந்த ஒரு சொல்லை வருவிக்கவே, 1990-களின் தொடக்கம் முதல் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஒரு பெரிய சிகிச்சைத் திட்டம் நடந்தது. கைதிகள் குழுவாக அமர்ந்து, தத்தம் குற்றத்தை ஒளிவுமறைவின்றி விவரித்து, பாதிக்கப்பட்டவரின் நிலையில் தம்மை வைத்துப் பார்க்கப் பழகினார்கள். ஆயினும் அந்நாட்டு நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீடு, சிகிச்சை பெற்ற 2,562 பேரைப் பெறாத 13,219 பேரோடு ஒப்பிட்டு, சராசரி எட்டாண்டுக் காலத்தில் மீண்டும் பாலியல் குற்றம் புரிந்தோர் பெற்றவரில் 10 சதவீதம், பெறாதவரில் 8 சதவீதம் என்று கண்டது. சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த சோதனையன்று அது. ஆகையால் சிகிச்சையே கெடுத்தது என்று துணிந்து சொல்வதற்கில்லை. எனினும் திட்டம் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய முறைகளுள் ஒன்று, குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவரையும் சேர்த்துக்கொண்டது.

லிவர்பூல் நகரத்துப் பழங்குற்றவாளிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்த ஷாட் மருனா, 2001-இல் வெளியிட்ட நூலில் ஒரு பேதத்தைக் காட்டினார். குற்றத்தை விடாதவர்கள் தம் தலையெழுத்து முன்பே எழுதி முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். விட்டவர்களோ, தம்முள் ஆதியிலிருந்தே ஒரு நல்லவன் இருந்தான், அவனே தம் உண்மை வடிவம் என்று கதை சொல்லி, அதற்கேற்ப வாழ முற்பட்டார்கள். அப்படியானால், குற்றத்தையே மீண்டும் மீண்டும் சொல்லச் செய்வது பழைய எழுத்தை ஆழப் பதித்துவிடாதா? ஆனால் நல்லவன் கதையோ, துன்புற்றவள் காதில் விழுந்தால் நாராசமாக இராதா?

மஜ்ஜிம நிகாயம் என்னும் பௌத்த நூலில் வரும் அங்குலிமாலன் கொலைஞன். குற்றம் வேறு, சங்கடம் இதுவே. துறவியான பின், பிரசவ வேதனைப்படும் ஒரு பெண்ணுக்கு இரங்கி நின்ற அவனிடம், பிறந்தது முதல் அறிந்து ஓர் உயிரையும் கொன்றதில்லை என்ற சத்தியத்தின் பலத்தால் அவளுக்கு நலம் உண்டாகட்டும் என்று கூறுமாறு புத்தர் சொல்ல, அது பொய்யாகுமே என்று அவன் மறுக்கிறான். அறவாழ்வில் பிறந்தது முதல் என்று திருத்திச் சொல்லுமாறு அவர் பணிக்கிறார். பின்னொரு நாள், ஊரார் எறிந்த கல்லாலும் கழியாலும் தலையில் குருதி வழிய, பிச்சைப் பாத்திரம் உடைந்து, சீவர ஆடை கிழிந்து அவன் திரும்பியபோது, பொறுத்துக்கொள் என்கிறாரேயன்றி, இவன் இப்போது வேறு ஆள் என்று ஊராரிடம் வாதாட அவர் போகவில்லை.

இரண்டாம் ஜன்மத்தின் கதையைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு உரிமை தந்தது, பொய்யாகுமே என்ற அந்த மறுப்புத்தான். சிகிச்சை உண்டாக்க வேண்டியதும் அதையே என்று தோன்றுகிறது. அக்கதையைத் துன்புற்றவள் நம்ப வேண்டுமென்ற கட்டாயமில்லை. அவள் நம்பாத நாளிலும் அவன் அதன்படி நடக்க வேண்டும்.