முதற்கலமும் பிராரப்தமும்

2014-இல் வெளிவந்த 'எலீட் டேஞ்சரஸ்' என்னும் இணைய விளையாட்டில், 40,000 கோடி விண்மீன்கள் விரிந்து கிடக்கும் பால்வீதியினுள் பிரவேசிப்பவருக்கு, யாசியாமலே, இரண்டு சிறு ஆயுதங்களைத் தாங்கவல்ல 'சைட்விண்டர்' என்னும் கலம் அளிக்கப்படுகிறது. இதைப் பிராரப்தம் என்றே கொள்வேன். சிறிது பொருள் சேர்ந்தபின், வாணிகத்துக்குரிய 'ஹாலர்' வாங்குவதா, போருக்குரிய 'ஈகிள்' வாங்குவதா என்று விண்நிலையத்தின் விற்பனைத் திரைமுன் தயங்கி நிற்கும் கணத்தில்தான் மனிதனுடைய சுதந்திரம் மெய்யாகத் தொடங்குகிறது. நம் சுபாவம் கலத்தைத் தெரிந்தெடுக்கிறதா, அன்றித் தெரிந்தெடுத்த கலமே நம் சுபாவத்தை உருவாக்குகிறதா என்று வினவினால், பின்னதே உண்மை என்பது என் துணிபு. ஏனெனில், ஈகிளில் ஏறியவன் எதிர்ப்படும் கலத்தையெல்லாம் இலக்காகவே காணப் பழகிவிடுகிறான். கருணைக்கும் அங்கே இடமுண்டு: அழிந்த கலத்தை அதன் விலையில் 5 சதவீதம் செலுத்தி மீட்கலாம்; அதற்கும் வழியற்றவனுக்குச் சைட்விண்டர் மீண்டும் இலவசமாகவே கிடைக்கிறது.